மருந்து போடாத வரிசை

கல்லூரியில் எலி வளர்க்கும் வேலை என்று சொன்னால் ஊரில் சிரிப்பார்கள். "எலியக் கொல்லத்தான் ஆள் தேடுவாங்க, உனக்கு வளக்கறதுக்குச் சம்பளமா?" என்பான் பக்கத்து வீட்டுக்காரன். நானும் கூடச் சேர்ந்து சிரித்துவைப்பேன். நான் வளர்ப்பதும் கடைசியில் கொல்வதற்குத்தான் என்று அவனிடம் சொன்னதில்லை.

மனைவி இறந்து ஏழாம் மாதம் அந்த வேலையில் சேர்ந்தேன். அதுவரை எடப்பாடியில் இரண்டு பேரும் ஒரே பட்டறையில் தறி ஓட்டினோம். அவளுக்குக் குதிகாலில் செருப்புக் கடித்த புண். சர்க்கரை வேறு இருந்தது. "தானா ஆறிப்போகுமுங்க" என்றாள். தினமும் சாயங்காலம் நான் அந்தப் புண்ணைப் பார்ப்பேன். நேற்றைக்கு இன்றைக்குத் தேவலை என்பேன். அப்படியே பதினைந்து நாள் தள்ளினேன். கால் கறுத்துக் குளிர்காய்ச்சல் வந்த பிறகுதான் சேலத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். மூன்றாம் நாள் போய்விட்டாள். அங்கே எழுதிக்கொடுத்த களிம்பை இரண்டே தடவைதான் போட்டிருந்தோம். மிச்சம் அவள் சேலையோடு பையில் வீட்டுக்கு வந்தது.

மல்லசமுத்திரம் பக்கம் அது மருந்தியல் கல்லூரி. கூண்டில் உமி மாற்றுவது, தீனி வைப்பது, தண்ணீர் பாட்டிலைக் கழுவி மாட்டுவது என் வேலை. வெள்ளை வெளேரென்ற எலிகள். கையில் எடுத்தால் கதகதவென்று இருக்கும். பெயர் வைக்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். நான் எல்லாவற்றையும் சாமி என்றுதான் கூப்பிட்டேன்.

சூரமங்கலத்திலிருந்து பஸ் ஏறி வரும் ஒரு மாணவி குப்பைமேனியில் களிம்பு செய்திருந்தாள். தோலில் கிருமி ஏறிய புண்ணை அது ஆற்றுமா என்று பார்ப்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. பதினெட்டு எலிகளுக்கு மயக்கம் கொடுத்து, முதுகு மயிரை மழித்து, சின்னப் புண் உண்டாக்கி, சீழ் பிடிக்கவைக்கும் கிருமியை அதில் விட்டாள். நான்தான் ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுத்தேன். மூன்று வரிசையாகக் கூண்டுகள். கடைசி வரிசைக்கு அவள் செய்த களிம்பு, நடு வரிசைக்குக் கடையில் விற்கும் களிம்பு. முதல் வரிசையை அவள் தொடவே இல்லை.

"ஏனுங்க அம்மிணி, இதுகளுக்கு எப்பப் போடுவீங்க?" என்று கேட்டேன்.

"இதுக்குப் போட மாட்டோம்ணா. ஒண்ணுமே செய்யாம விட்டா என்ன ஆகும்னு தெரியணுமில்ல? அதை வச்சுத்தான் மருந்து வேலை செய்யுதான்னு சொல்ல முடியும்."

என்னைக் கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன்.

மூன்றாம் நாள் முதல் வரிசையில் ஆறுக்கும் புண் சீழ் கட்டியது. நடு வரிசைக்கு அவள் போட்ட டியூபைப் பார்த்தேன். என் வீட்டில் கிடக்கும் அதே களிம்பு. மறுநாள் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன். அவள் பஸ் வருவதற்குள் ஆறுக்கும் விரல் நுனியால் மெல்லப் பூசினேன். தினமும் பூசினேன். திருட்டுத்தனம்தான், தெரியும். ஆனால் மனைவி போன பிறகு நான் நன்றாகத் தூங்கியது அந்தச் சில நாட்கள்தான்.

கண்ணாடித்தாளைப் புண்மேல் வைத்து வரைந்து, கட்டம் போட்ட காகிதத்தில் அளந்து பார்ப்பாள் அந்த மாணவி. கடைசி நாள் அளந்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். மருந்தே போடாத வரிசை மற்ற இரண்டுக்கும் சமமாக ஆறியிருந்தது. அப்படியென்றால் அவள் களிம்பு இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான். கிருமியை ஒழுங்காக விடவில்லை என்று பேராசிரியர் திட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை. தோலை எடுத்துச் சோதிப்பதற்காகப் பதினெட்டையும் கொன்றார்கள். என் ஆறும் அதில் போய்விட்டன.

இரண்டு நாள் கழித்து வந்தாள். கண் வீங்கியிருந்தது. "அண்ணா, மறுபடியும் முதல்லேருந்து செய்யணும். இன்னும் பதினெட்டு வேணும்."

அதற்குமேல் தாங்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். மனைவியின் குதிகால் புண்ணையும் சொன்னேன்.

மாணவி கத்துவாள், வேலை போகும் என்று நினைத்தேன். அவள் கத்தியிருந்தால் தேவலை.

"முதல்லயே சொல்லியிருக்கலாமேண்ணா" என்றாள். "ஆறுக்கு வலிக்குதுன்னு பாத்தீங்க. இப்பப் பதினெட்டுக்குப் புண்ணு போடணுமே."

"தப்புத்தானுங்க அம்மிணி" என்றேன்.

விஷயம் தெரிந்து பேராசிரியர் வாய்க்கு வந்தபடி திட்டினார். அவள் கெஞ்சித்தான் என் வேலை தப்பியது. புதிதாகப் பதினெட்டு வந்தன. மயக்கம் கொடுக்கும்போது நான்தான் பிடித்துக் கொடுத்தேன். என் உள்ளங்கையில் அவற்றின் நெஞ்சு படபடவென்று அடித்தது. போன தடவையும் அடித்திருக்கும்; அப்போது நான் கவனிக்கவில்லை.

ஐந்தாம் நாள் முதல் வரிசையில் ஒன்று தீனி எடுக்காமல் முதுகைக் கூனிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. "சாமி" என்றேன். தலையைத் தூக்கிப் பார்த்தது. நான் மட்டும் சும்மா இருந்திருந்தால் இந்த எலி இந்தக் கூண்டுக்கே வந்திருக்காது. போட வேண்டியவளுக்குப் போடாமல் விட்டு, போடக் கூடாத இடத்தில் போட்டவன் நான். கூண்டைத் திறக்கவில்லை. மனைவியின் காலைப் பார்த்துக்கொண்டிருந்த மாதிரியே அதையும் பார்த்துக்கொண்டு நின்றேன்.