பாலகிருஷ்ணன் வீட்டு லைன்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை. வைஃபை பெட்டியின் வயரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்கிறார் பாலகிருஷ்ணன். பத்து வினாடி போதும் என்று சேவை எண்ணில் பேசிய பெண் சொல்லியிருந்தாளாம். இவர் முழுதாக ஒரு நிமிடம் கொடுப்பார். “ஒரு வாரமா ஓடிக்கிட்டே இருக்குல்ல, டீச்சர். கொஞ்சம் மூச்சு விடட்டும்.” மறுபடி செருகியபின் முட்டியில் கைகளை ஊன்றிக் குனிந்து, விளக்குகள் ஒவ்வொன்றாய்ப் பச்சைக்கு வரும்வரை காத்திருப்பார்.

ஒன்பது மணிக்குக் கனடாவிலிருந்து மகள் அனுப்ரியா அழைப்பாள். அங்கே அப்போது சனிக்கிழமை மாலை.

சுவா சூ காங்கில், பன்னிரண்டாவது மாடியில், நான் அவருக்கு அடுத்த வீடு. தொடக்கப்பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுப்பவள் என்பதால் கம்ப்யூட்டரும் தெரியும் என்று அவராக முடிவுசெய்துகொண்டார். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவரைப்போலப் பிடுங்கிச் செருகுவதுதான்.

அவருக்கு வயது அறுபத்து நான்கு. சாங்கியில் விமானச் சரக்குக் கிடங்கில் வேலை. தீவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் தினமும் ரயிலில் போய் வருகிறார். பெட்டிகளை அடுக்கி, மேலே வலை போட்டு இறுக்குவது அவர் பொறுப்பு. இறுக்கி இறுக்கி விரல்கள் பாதி மடங்கியே இருக்கும். உள்ளங்கையை முழுதாய் விரித்து நான் பார்த்ததில்லை. மனைவி பூவம்மா இறந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. அதிலிருந்து அவர் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. அடுப்பங்கரை ஜன்னலோரம் நின்றபடி, பொட்டலத்தைப் பிரித்து அதிலேயே சாப்பிட்டுவிட்டு, காகிதத்தை நான்காக மடித்துப் போடுவார்.

அந்த வீட்டில் லைன் எப்போதும் மோசம். பெட்டி இருப்பது வாசல் பக்கம். நடுவில் பாம் ஷெல்டரின், அதாவது வீட்டுக்குள்ளேயே கட்டியிருக்கும் குண்டுவீச்சுப் பதுங்கறையின், கனத்த கான்கிரீட் சுவர். அதைத் தாண்டினால் குரல் துண்டு துண்டாக வரும், முகம் கட்டம் கட்டமாகச் சிதறும். அதனால் ஞாயிறு காலைகளில் அவர் டேப்லட்டை இரு கைகளிலும் ஏந்தி வீடு முழுக்க நடப்பார். சுவருக்கு இந்தப் பக்கம் என் வீட்டில் அவர் குரல் கேட்கும்.

“கேக்குதா? இப்ப? இப்ப தெரியுதா?”

ஜன்னல் பக்கம் போகச் சொல்வாள் மகள். போவார். இன்னும் கொஞ்சம் இடதுபக்கம் என்பாள். நகர்வார். இப்படியே பதினைந்து நிமிடம். அதற்குள் அவளுக்கு ஏதாவது வேலை வந்துவிடும். அழைப்பு முடிந்ததும் என் கதவைத் தட்டி, இந்த வாரமும் சரியாகப் பேச முடியவில்லை என்று குறைபட்டுக்கொள்வார்.

பூவம்மா இருந்தபோது லைன் இதைவிட மோசம் என்று அவரே ஒருநாள் சொன்னார். “அவ அதையெல்லாம் கண்டுக்கவே மாட்டா, டீச்சர். கேட்டாலும் கேக்காட்டியும் அவபாட்டுக்கு ஒரு மணி நேரம் பேசுவா. நான் பின்னால வந்து கைய ஆட்டிட்டுப் போயிருவேன்.”

லைனைச் சரிசெய்ய அவர் செய்யாததில்லை. சிராங்கூன் சாலையில் ஒரு கைப்பேசிக் கடையில் நான்கு கொம்பு வைத்த ஒரு கருவியை வாங்கிவந்தார். பயனில்லை. திருப்பிக் கொடுக்கப் போனது ஒரு ஞாயிறு மாலை. லிட்டில் இந்தியாவின் புல்தரை எங்கும் கட்டுமான ஊழியர்கள் உட்கார்ந்து ஊருக்குப் பேசிக்கொண்டிருந்தார்களாம். கடைக்குப் போகாமல் அங்கேயே நின்றுவிட்டாராம். “ரெண்டு கோடு சிக்னல்தான் இருக்கும் லா. எப்படிச் சிரிச்சுச் சிரிச்சுப் பேசுறாங்க தெரியுமா,” என்றார். கருவி அவர் கையிலேயே திரும்பி வந்திருந்தது.

இத்தனை பாடும் ஏன் என்பது போன மாதம்தான் எனக்குத் தெரிந்தது. பூவம்மாவின் திதி வருகிறது. அம்மா இறந்தபோது வந்த அனுப்ரியா நான்காம் நாளே திரும்பிவிட்டாள். அதன்பிறகு வரவில்லை, அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசியதில்லை. இந்தத் திதிக்காவது அவளை வரச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தார். உடையும் லைனில் அதைக் கேட்க அவருக்கு மனமில்லை. குறுஞ்செய்தி அனுப்பலாமே என்றேன். அது எழுதிக் கேட்கிற விஷயமா என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

ஆகவே வேறு இணைய நிறுவனத்துக்கு மாறினார். யாசர் என்ற டெக்னீஷியன் வந்து, ஷெல்டருக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று இரண்டு பெட்டிகளைப் பொருத்தினார். பாலகிருஷ்ணன் அவருக்குக் கோப்பி போட்டுக்கொடுத்து, இனி உடையாதா என்று மூன்று முறை கேட்டார். “அங்கிள், இனிமே உங்க மக பக்கத்து ரூம்ல இருக்கிற மாதிரி இருக்கும்,” என்று சொல்லிவிட்டுப் போனார் யாசர்.

அந்த ஞாயிறு என்னையும் கூப்பிட்டார், புதுப்பெட்டியில் ஏதாவது கோளாறு என்றால் பார்க்க. இஸ்திரி போட்ட சட்டை அணிந்திருந்தார். முதல்முறையாக உட்கார்ந்து, டேப்லட்டைச் சாப்பாட்டு மேசையில் நிறுத்தினார். நான் ஓரமாக நின்றேன்.

மணியடித்ததும் அனுப்ரியா வந்தாள். கண்ணாடியில் பார்ப்பதுபோல் வந்தாள். காதோரம் நரைத்த நாலு முடி, பின்னால் அலமாரியில் புத்தகங்களின் பெயர் எல்லாம் தெரிந்தது.

“கேக்குதாப்பா?”

“கேக்குது. தெரியுதாம்மா?”

“தெரியுது.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி இருந்தார்கள். எங்கும் நகர வேண்டியதில்லை, எதையும் திருப்ப வேண்டியதில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டார். சாப்பிட்டாளாம். அவளும் கேட்டாள். அவரும் சாப்பிட்டிருந்தார். அங்கே குளிர். இங்கே மழை. சுவர்க் கடிகாரத்தின் சத்தம் கேட்டது. மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “அனு, அடுத்த மாசம் அம்மாவுக்கு…”

அவள் உதட்டை உள்ளே இழுத்துக் கடித்துக்கொண்டாள். கண்களில் நீர் கட்டியது ஓரமாக நின்ற எனக்கே தெரிந்தது. “என்னப்பா சொன்னீங்க? லைன் உடையுது. படம் நின்னுருச்சாப்பா?”

லைன் உடையவில்லை. அவள் மூச்சை இழுத்ததுகூடத் தெளிவாகக் கேட்டது. அவருக்கும் கேட்டிருக்கும்.

பாலகிருஷ்ணன் திறந்த வாய் திறந்தபடி, பேச்சோடு மேலே எழுந்த வலது கை எழுந்தபடி, நின்றுபோன படம்போலவே ஆடாமல் இருந்தார். இமைக்கவும் இல்லை. “அப்பா?” என்றாள் அவள். மறுபடியும் ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, அடுத்த வாரம் பேசுவதாகச் சொல்லி அழைப்பைத் துண்டித்தாள்.

திரை இருண்ட பிறகும் அவர் அந்தக் கையை இறக்கவில்லை.