எடைக்கு ஏறிய அம்மா

கூட்டம் சேரக்கூடாது என்று நேரத்தைக் குறைத்தார்கள். நேரத்தைக் குறைத்ததால்தான் கூட்டம் சேர்ந்தது. இதை நான் அப்போதே முதலாளியிடம் சொன்னேன். "ஒனக்கு டிக்கட் கிழிக்கத்தான் சம்பளம் புள்ள, யோசிக்க இல்ல" என்றார்.

பதுளைக்கு வெளியே, தோட்டத்து பஸ்கள் திரும்புகிற வளைவில் இருந்தது எங்கள் பொழுதுபோக்குப் பூங்கா. எட்டுப் பெட்டி வைத்த பழைய ராட்டினம் ஒன்று, மூக்கு உடைந்த யானைச் சறுக்கு ஒன்று, தண்ணீர் வராத நீரூற்று ஒன்று. கொரோனாவுக்கு முன்னால் காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை திறந்திருக்கும். நானும் ராட்டினக்கார அண்ணனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு கிடப்போம். பண்டிகைக்குப் பண்டிகைதான் நாலு குடும்பம் வரும்.

முதல் ஊரடங்கு தளர்ந்ததும் உத்தரவு வந்தது. பகல் இரண்டிலிருந்து நாலு வரை மட்டும், உள்ளே ஒரே நேரத்தில் இருபது பேர், ராட்டினத்தில் ஒரு பெட்டிக்கு ஒரே வீட்டு ஆட்கள். அவ்வளவுதான், மலையில் இருந்த சனம் அத்தனையும் ரெண்டு மணிக்கு வாசலில் நின்றது. நாள் முழுக்கத் திறந்து வைத்தபோது எட்டிப் பார்க்காதவர்களுக்கு, ரெண்டு மணி நேரம்தான் என்றதும் ராட்டினம் சுற்றாவிட்டால் உயிர் போய்விடும் போலிருந்தது.

தள்ளி நிற்க வேண்டும் என்று தரையில் வெள்ளை வட்டம் போட்டேன். ஒரு வட்டத்துக்குள் ஒரு குடும்பமே குந்திச் சோறு சாப்பிட்டது. கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. கடைசியில் ஆத்திரத்தில், "எல்லாரும் பெரட்டுக்கு நிக்கிற மாதிரி நில்லுங்க!" என்று ஒரு சத்தம் போட்டேன்.

பெரட்டு என்றால் தோட்டத்தில் விடிந்ததும் நடக்கிற ஆள் கணக்கு. வரிசையில் நின்று, பேர் கூப்பிட்டதும் இன்ன மலைக்குப் போ என்று பிரித்து விடுவார்கள். நான் சொல்லி வாய் மூடவில்லை. பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம், கைக்கு எட்டாத இடைவெளி விட்டு, மூச்சுக் காட்டாமல் நின்றார்கள். எனக்கே உடம்பு சிலிர்த்தது. நாலு தலைமுறைப் பழக்கம் ஒரு சொல்லில் எழுந்து நின்றுவிட்டது. அதில் ஒரு தொல்லை மட்டும் வந்து சேர்ந்தது. பெரட்டுக்குப் பிந்தினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் ரத்தத்திலேயே ஊறியிருந்ததால், மறுநாளிலிருந்து பன்னிரண்டு மணிக்கே வந்து நிற்கத் தொடங்கினார்கள். கூட்டம் இன்னும் கூடியது.

விஷயம் சுகாதாரப் பரிசோதகரின் காதுக்குப் போனது. பி.எச்.ஐ. ஐயா என்றுதான் எல்லாரும் சொல்வோம். நல்ல மனிதர், ஆனால் நல்ல பருமன். எதையும் அளந்து பார்த்தால்தான் நம்புவார். சட்டைப் பையில் எப்போதும் ஓர் அளவு நாடா இருக்கும்.

இனி அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா அப்போதும் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தது. நான் அந்தப் பூங்காவில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதற்கு ஒரே ஆசை. ராட்டினத்தில் ஒருமுறை ஏற வேண்டும். "ஒன்னோட ராட்டினத்துல எப்ப ஏத்துவே?" என்று கேட்கும். என்னவோ அதை நான் வாங்கி வைத்திருக்கிற மாதிரி. "நாளு முழுக்கத் தொறந்துதான் கெடக்கு, எப்ப வேணாலும் வாம்மா" என்பேன். இப்படியே மூன்று வருஷம் ஓடியது. நேரம் குறைந்த பிறகு அதற்கும் வழியில்லை. அம்மா கொழுந்து நிறுத்து முடிக்கவே நாலரை ஆகும். நாங்கள் நாலு மணிக்குப் பூட்டிவிடுவோம். ஞாயிறு, பௌர்ணமி விடுமுறையான போயா நாட்களில் பூங்காவே கிடையாது.

ஒரு புதன்கிழமை பகல் பன்னிரண்டரைக்கு வரிசையின் நடுவில் அம்மா நிற்கிறது. வெளுத்த சேலை, நாடி வரை இறக்கிவிட்ட மாஸ்க், கையில் ஒரு பை.

"என்னம்மா, மலையில வேல இல்லையா?"

"அரப்பேரு போட்டுட்டு வந்துட்டேன்."

அரைப்பேர் என்றால் பாதி நாளில் இறங்கிவிட்டாள் என்று ஆள் பதிவேடான செக்ரோலில் எழுதுவது. கூலி குறைவதை விட அந்தப் பேர்தான் பெரிய அவமானம். அம்மா என்னை வயிற்றில் வைத்துக்கொண்டு பறித்தபோதும் முழுப்பேர் வாங்கிய ஆள். அப்பா செத்த வருஷம்கூட வேலை வாங்குகிற கங்காணி அதைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல முடிந்ததில்லை. அப்படிப்பட்ட மனுஷி, இந்தத் துருப்பிடித்த ராட்டினத்துக்காக அரைப்பேர் போட்டுவிட்டு வந்து நிற்கிறது. எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. "ஒனக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு" என்றேன். "முன்னாடி வா, ஏத்தி விடுறேன்" என்றும் சொன்னேன்.

"பெரட்டுன்னு நீதான சொன்ன? வரிசையில வர்றேன்."

வந்தது. மூன்றரை ஆனது, மூன்றே முக்கால் ஆனது. வரிசையின் தலைக்கு அம்மா வந்தபோது நாலு மணிக்கு ஏழு நிமிஷம் இருந்தது. ராட்டினத்தைக் காலி செய்து அண்ணன் கதவைத் திறக்கிறார், அம்மா ஒரு காலை எடுத்து வைக்கிறது, அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து ஒரு குரல். "கொஞ்சம் நில்லுங்க. பெட்டிக்கும் பெட்டிக்கும் ஒரு மீட்டர் இருக்கான்னு பாக்கணும்."

பி.எச்.ஐ. ஐயா. அம்மாவின் பெட்டியில் அவர் ஏறி உட்கார்ந்தார். ராட்டினம் அவருக்காக மட்டும் மெதுவாகச் சுற்றியது. ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தச் சொல்லி நாடாவை நீட்டி நீட்டி அளந்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன், அம்மாவைப் பார்த்தேன். பல்லை நறநறவென்று கடித்தேன். அவர் உச்சியில் இருக்கும்போது மணி நாலு.

அண்ணன் பயந்த சுபாவம். நாலு மணிக்கு மேல் ஓடினால் சீல் வைப்பார்கள் என்று முதலாளி சொன்னது அவருக்கு வேதவாக்கு. டக்கென்று சுவிட்சை அணைத்து, பிரேக்கை ஓங்கி இழுத்தார். ஊரடங்கில் மாதக்கணக்கில் காய்ந்து கிடந்த பெல்ட் பட்டென்று அறுந்து விழுந்தது.

"என்னா சத்தம்?" என்றார் மேலேயிருந்து ஐயா.

"பெல்ட்டுங்க ஐயா. பண்டாரவளையிலதான் வாங்கணும். கடையெல்லாம் இப்ப பூட்டியிருப்பாங்க."

பிரேக்கை விட்டால் அவர் எடைக்குப் பெட்டி தானாக இறங்கும்தான். ஆனால் இறங்குகிற வேகத்தில் ஐயா ஒரு பக்கமும் நாடா ஒரு பக்கமும் போய்விடும். கீழே இருக்கிற பெட்டியில் அதே எடை இருந்தால் நாலு பேர் கையால் பிடித்துப் பைய இறக்கலாம் என்றார் அண்ணன். ஐயாவின் எடைக்கு ரெண்டு ஆள் வேண்டும். அம்மாவும், கொந்தரப்பு என்கிற கூடுதல் கூலிவேலையில் அதன் கூட்டாளியாக இருந்து, அன்று கூடவே வந்திருந்த அக்காவும் முன்னால் நின்றார்கள்.

இதிலும் ஒரு சிக்கல். ஒரு பெட்டிக்கு ஒரே வீட்டு ஆட்கள்தானே ஏறலாம்? அண்ணன் தயங்கினார். மேலேயிருந்து ஐயாவே தீர்ப்புச் சொன்னார்.

"ரெண்டு பேரும் ஒரே லயமா?"

"ஆமாங்க ஐயா, ஒரே லயம். ஒரே வரிசை வீடு, நடுவுல ஒரு செவுருதான்."

"அப்ப ஒரே வீடுன்னு வச்சுக்குங்க. சீக்கிரம்!"

அம்மா ஏறியது. ஆண்கள் நாலு பேர் விளிம்பைப் பிடித்துத் தள்ளினார்கள். ஐயா இறங்க இறங்க அம்மா ஏறியது. முகத்தில் பயமில்லை, சிரிப்பில்லை. கோயிலுக்குள் போகிறவள் மாதிரி உட்கார்ந்திருந்தது. உச்சிக்குப் போனதும் ஒரு கையைத் தூக்கி, தூரத்து மலையைக் காட்டி அக்காவிடம் என்னவோ சொன்னது.

ஐயா கீழே வந்து, வேர்வையைத் துடைத்து, ஒரு காலை வெளியே வைத்தார். "எறங்காதீங்க ஐயா!" என்று அண்ணன் அலறினார். "நீங்க எறங்கினா அந்த ரெண்டு பொம்பளைங்களும் விழுந்துருவாங்க."

"அப்ப நான் திரும்ப மேல போகணுமா?"

எல்லாருடைய கண்ணும் என் பக்கம் திரும்பியது. என் பருத்த உடம்பைப் பற்றி ஊரில் பேசாத ஆளில்லை. அன்றுதான் அதற்கு முதல் தடவையாக மரியாதை கிடைத்தது. பிரேக்குக்குக் கட்டையை முட்டுக் கொடுத்து, ஐயாவை இறக்கி என்னை ஏற்றினார்கள். பாதி வழியில் அம்மாவும் நானும் ஒரே உயரத்துக்கு வந்தோம். நடுவில் இரும்புச் சட்டம், நேருக்கு நேர் முகம். வாழ்க்கையில் அம்மாவை அப்படி நேராகப் பார்த்தது அன்றுதான். அதுவோ கூடையைச் சுமந்து குனிந்தே நடக்கிற பிறவி.

"மாஸ்க்க மேல போடுடி, ஐயா பாக்குறாரு" என்றது.

அம்மா இறங்கிவிட்டது. இப்போது மேலே நான். என்னை இறக்க வரிசையிலிருந்து இன்னும் ரெண்டு பேர். அவர்களை இறக்க வேறு ரெண்டு பேர். கீழே ஐயா மூச்சிரைக்க நின்று, "அடுத்தது! தள்ளி நில்லுங்க! ஒரே லயம்தானே?" என்று தானே ஆள் பிரித்து அனுப்பிக்கொண்டிருந்தார். நாலு மணிக்குப் பூட்ட வேண்டிய பூங்காவில், சட்டப்படி, அரசாங்க அதிகாரியின் மேற்பார்வையில், வரிசையில் நின்ற அத்தனை பேரும் ராட்டினம் ஏறி இறங்கினார்கள். மணி ஐந்தே கால் ஆனபோது மேல் பெட்டியில் ரெண்டு பேர் மிச்சம், கீழே ஏற ஆளில்லை. ஐயா பெருமூச்சு விட்டுச் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு மறுபடி பெட்டியை நோக்கி நடந்தார்.

அப்போதுதான் அம்மா வாயைத் திறந்தது. "ஐயா, கை கழுவ வச்சிருக்கிற தண்ணி கேனு அந்தா இருக்கு. அஞ்சு கேன வச்சா சரியா இருக்கும்."

வாசலோரம் ஏழு கேன் நிறையத் தண்ணீர், வரிசையாக, சுகாதார விதிப்படி. ஐந்தை வைத்தார்கள். பெட்டி பூப்போல வந்து இறங்கியது. ஐயா ரொம்ப நேரம் அம்மாவையே பார்த்தார். அப்புறம் குனிந்து நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். சீல் வைக்கவில்லை. யாருக்கு, என்னவென்று எழுதுவார்?

அடுத்த வாரம் மறுபடி ஊரடங்கு விழுந்தது. பூங்காவை அப்புறம் திறக்கவே இல்லை. ராட்டினத்தை முதலாளி இரும்புக்குப் போட்டுவிட்டார். என் வேலையும் அதோடு போனது. ஆனால் அன்றைக்கு இதெல்லாம் எனக்குத் தெரியாது. பஸ்ஸில், நடுவில் ஓர் இருக்கையைக் காலியாக விட்டு உட்கார்ந்து, அம்மாவிடம் எரிந்து விழுந்தேன்.

"கேன் ஞாபகம் எப்ப வந்துச்சு ஒனக்கு?"

"எப்ப வர்றது? மூணு மணி நேரமா அது பக்கத்துலதான நின்னேன். தராசுக்கு முன்னாடியே வயசு போனவளுக்கு எது எவ்வளவு எடைன்னு தெரியாதா?"

"அடிப்பாவி! அப்ப மொதல்லயே சொல்றதுக்கென்ன? அந்த மனுசன் மேல கெடந்து எப்படி நடுங்குனாரு!"

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது. பஸ் தோட்டத்து ஏற்றத்தில் முக்கி முனகி ஏறியது.

"சொல்லியிருந்தா அவர எறக்கிட்டு, நீ என்னைய நாளைக்கி வான்னு சொல்லியிருப்ப."