டோக்கன் நம்பர் 218

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் எனக்கு லேடீஸ் ஹாஸ்டல் வார்டன் வேலை கிடைத்தது. சிரிக்காதீர்கள் — நாடகத்தில்தான்!

திருப்பூரில் பழைய பனியன் கம்பெனி ஒன்றின் கட்டிங் செக்‌ஷன் இருந்த ஹாலில் ஒரு கலை மையம் நடக்கிறது. சாயப்பட்டறைக்காரர்கள், தைத்த பனியனில் குறை தேடும் செக்கிங் பெண்கள், ஸ்பின்னிங் மில் ஹாஸ்டலை விட்டு வெளியே வந்த பிள்ளைகள்... இவர்கள்தான் நடிகர்கள். டீக்கடையில் தனி டம்ளர் கொடுத்தது, மெஷினில் விரல் போனது என்று தங்களுக்கு நடந்ததைத் தாங்களே நாடகமாக்கி ஊர் ஊராகப் போடுகிறார்கள்.

எனக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது. பறை அடித்து, பாட்டுப் பாடினால் நியாயம் வந்துவிடுமா? அப்புறம் கோர்ட் எதற்கு, லேபர் ஆபீஸ் எதற்கு? நாலு பேர் முன்னால் இப்படி நக்கலடித்தும் இருக்கிறேன். அது காதுக்குப் போய்விட்டதோ என்னவோ, மையத்தை நடத்தும் ஸ்டெல்லா மிஸ்டு கால் மேல் மிஸ்டு கால் கொடுத்து என்னை வரவழைத்துவிட்டார். முன்பு செக்கிங்கில் இருந்தவர். யாரையும் சும்மா உட்கார விடமாட்டார்.

"வார்டனா நடிக்கிறவிங்க இன்னைக்கு வரலீங்க சார். நீங்க இந்த நம்பரை வாசிச்சாப் போதுமுங்க" என்று ஒரு தாளைக் கையில் திணித்தார்.

அந்த மில் ஹாஸ்டலில் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் இல்லையாம். டோக்கன் நம்பர்தான். சாயங்காலம் ஆறு மணிக்கு வார்டன் ரிஜிஸ்டரைப் பார்த்து வாசிப்பார். பிள்ளைகள் தலையைக் குனிந்தபடி "ப்ரசென்ட் மேடம்" சொல்ல வேண்டும். வார்டன் நிமிரவே மாட்டார். குரல் வந்தால் டிக்.

ஞாயிறு என்பதால் அக்கம்பக்கத்தில் ஒரு மெஷின்கூட ஓடவில்லை. கரண்ட்டும் இல்லை. எந்நேரமும் தடதடக்கும் ஊர் வாயடைத்துக் கிடந்தது. அதுவரை ஒருத்தியை ஒருத்தி கிள்ளிச் சிரித்துக்கொண்டிருந்த பிள்ளைகள், நான் தாளை விரித்ததும் வரிசையில் நின்றார்கள். அவ்வளவுதான், முகத்தில் இருந்ததெல்லாம் துடைத்துவிட்ட மாதிரி போய்விட்டது. உதடுகூட அசையவில்லை, சத்தம் மட்டும் வந்தது.

"216."

"ப்ரசென்ட் மேடம்."

"217."

"ப்ரசென்ட் மேடம்."

"218."

வரிசை லேசாக ஆடியது. ஸ்டெல்லா எனக்கு ஏதோ சைகை காட்டினார். அதற்குள் —

"ப்ரசென்ட் மேடம்."

சன்னமான குரல். மூக்கடைத்த மாதிரி, கடைசி எழுத்தை இழுத்து... அதுவரை அந்த ஹாலில் நான் கேட்காத குரல். யார் சொன்னது? தாளில் இருந்த நம்பர்களை எண்ணினேன். பதினான்கு. எதிரே நின்றவர்களை எண்ணினேன். பதின்மூன்று.

எனக்குப் பேய் பயம் கிடையாது என்று இதே வாரப் பத்தியில் முன்பு ஒருமுறை பெருமையடித்திருக்கிறேன். வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

பின்னால் சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு அம்மா எழுந்தார். கொமரலிங்கம் என்ற ஊர்க்காரர். மில்லில் மகளைப் பறிகொடுத்தவர். அந்த மில்லில் வேலை பார்த்த பிள்ளைகள் இங்கே இருப்பதாகக் கேள்விப்பட்டு, மனு எழுத யாராவது உதவுவார்களா என்று வந்திருந்தார்.

"ஏனுங்க... அது எம்புள்ளை கொரலுங்க" என்றார். "218 பூங்கொடி நம்பருங்க. மில்லு கேட்டுல இந்த நம்பரைச் சொன்னாத்தானுங்க அவளைப் பாக்க உடுவாங்க."

வரிசையில் செல்வி என்ற பெண் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தென்காசிப் பக்கம். தாளில் நம்பர்களை ரிஜிஸ்டர் வரிசைப்படி ஞாபகத்திலிருந்து எழுதிக் கொடுத்தவள் அவள்தானாம். 218-க்கு ஆள் இல்லாததால் ஒத்திகையில் எப்போதும் அதைத் தாண்டிவிடுவார்கள். புதிதாக வந்த வார்டனுக்கு அது எப்படித் தெரியும்?

"நாந்தாம்மா சொன்னேன். அவ நம்பரைக் கேட்டதும் வாய் தன்னால சொல்லிட்டுது" என்று அழுதாள்.

ஹாஸ்டலில் ஒருத்தி வரத் தாமதமானால் பக்கத்துப் படுக்கைக்காரி அவள் குரலில் பதில் சொல்லிக் காப்பாற்றுவாளாம். அதற்காகவே ஒவ்வொருத்தியும் இன்னொருத்தி குரலைப் பழகி வைத்திருக்கிறாள்! செல்விக்குப் பக்கத்துப் படுக்கை பூங்கொடி.

"அன்னைக்குக் காலையிலயே அவளுக்குக் காய்ச்சல்மா. லீவு தரல. பஞ்சு குடோன்ல செத்த நேரம் படுத்துக்கிடுதேன்னு போனா. ஆறு மணிக்கு வரல. திட்டு விழுமேன்னு நான் சொல்லிட்டேன். சொல்லாம இருந்திருந்தா தேடியிருப்பாங்களேம்மா..."

தேடவில்லை. மறுநாள் காலையில்தான், பஞ்சுப் பொதிகளுக்கு நடுவே கிடந்த பூங்கொடியைப் பார்த்திருக்கிறார்கள். உயிர் இல்லை.

ரிஜிஸ்டரில் டிக் இருக்கிறதே! அதை வைத்து மில் மேனேஜர் ஒரு கதை கட்டினார். ஆறு மணிக்கு நன்றாக இருந்த பெண், யாரையோ பார்க்க ஒளிந்து குடோனுக்குப் போயிருக்கிறாள் என்று. கொமரலிங்கத்திலும் அதையே பேசினார்கள். அந்த அம்மா இரண்டு வருஷமாக ஏறி இறங்கிய ஆபீஸ்களிலும் அந்த டிக்கைத்தான் காட்டினார்கள். ஹாஸ்டல் பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு வார்த்தை கேட்டவர் எவருமில்லை. பாட்டுப் பாடினால் நியாயம் வருமா என்று கேட்ட என்னையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். வெட்கமாக இருந்தது.

அம்மா செல்வியின் அருகில் போனார். அடிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

"காச்சலுக்குத்தான் படுத்திருந்தாளா? ஆரையும் பாக்கப் போகலியா?"

"சத்தியமா இல்லம்மா."

அவர் அழவில்லை. செல்வியின் தாடையைப் பிடித்து நிமிர்த்தினார். "இதை எங்கூர்ல, எல்லாரு முன்னாலயும் வந்து சொல்லுவியா கண்ணு?"

செல்வி தலையாட்டினாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

ஸ்டெல்லா உடனே டைரியை எடுத்தார். கொமரலிங்கத்தில் நாடகம் எந்த ஞாயிறு, எந்தத் திடல், யார் யாரையெல்லாம் கூப்பிடுவது? பட்டியல் ஆரம்பமானது. அம்மா என் பக்கம் திரும்பினார்.

"அந்த மேனேஜரையும் வரச் சொல்லுங்க சார். எம்புள்ளை கொரலை அவுரும் ஒருக்கா கேக்கட்டுமுங்க."