பிரான்சிஸ் சொன்ன சாட்சி

முடக்குவாதத்தில் ஆள் சாகுமா என்று துக்கத்துக்கு வந்தவர்கள் பலரும் என்னிடம் கேட்டார்கள். மூட்டு வீங்கும், விரல் கோணும், அதற்கு மேல் என்ன என்பதுதான் எல்லாருக்கும் தெரிந்தது. எனக்கும் ரொம்ப நாள் அவ்வளவுதான் தெரிந்திருந்தது. அன்றைக்கு யாருக்கும் நான் சரியாகப் பதில் சொல்லவில்லை.

என் வீட்டுக்காரர் பிரான்சிஸ், சூலூரிலிருந்து பல்லடம் வழியாகத் திருப்பூர் போகும் தனியார் பஸ் ஒன்றில் பதினாறு வருஷம் கண்டக்டராக இருந்தார். அவருடைய அப்பா அம்மா தோட்டங்களில் கூலிக்குப் போனவர்கள். தோட்டத்துக்காரர் முன்னால் குரலை உயர்த்திப் பேசியே பழகாதவர்கள். இவர் மட்டும் கடைசி சீட்டுக்குக் கேட்கிற மாதிரி பேசுவார். காலை ட்ரிப்பில் பனியன் கம்பெனிக்குப் போகும் பெண்கள் படியில் நின்றால், "ஏனுங்க அம்மணி, படியில நின்னு காத்து வாங்குனா அதுக்குத் தனி டிக்கெட்டுங்க" என்பார். "காத்துக்கும் டிக்கெட்டுன்னா நீங்க மொதல்ல மூக்கைப் பொத்திக்கங்க" என்று உள்ளேயிருந்து ஒருத்தி சொல்வாள். பஸ் முழுக்கச் சிரிக்கும். நான் பி.காம் முடித்துவிட்டு அந்த பஸ்ஸில்தான் ஒரு ஏற்றுமதி ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தேன். அந்தச் சிரிப்புக்காகத்தான் அவரைக் கட்டிக்கொண்டேன் என்று சொன்னால் அதில் பொய் ஒன்றும் இல்லை.

மூன்று வருஷங்களுக்கு முன்னால் அவர் மாறத் தொடங்கினார். மாற்றம் கையில் தொடங்கவில்லை. முதலில் பேச்சு குறைந்தது. ஞாயிற்றுக்கிழமை சபைக்கு வர மாட்டேன் என்றார். என் அண்ணன் மகன் கல்யாணத்துக்குத் தாராபுரம் வரை வந்துவிட்டு, மண்டபத்துக்குள் நுழையாமல் ஆற்றங்கரையில் போய் உட்கார்ந்துகொண்டார். சாப்பாட்டில் ருசி இல்லை என்றார். தூங்கி எழுந்தாலும் தூங்காதவர் மாதிரி இருந்தார். எங்கள் மகள் அன்புச்செல்வி அப்போது ஆறாவது படித்தாள். பாடத்தைச் சத்தமாகப் படித்தாள் என்பதற்காக அவள் புத்தகத்தைப் பிடுங்கி வாசலில் எறிந்தார். அவளை அதட்டிக்கூடப் பேசாத மனுஷன்.

நான் அவர் சட்டையை முகர்ந்து பார்த்தேன். குடி வாசனை இல்லை. பஸ் டிரைவர் ஸ்ரீனிவாஸைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அக்கா, குடிச்சாலாவது மனுசன் சிரிப்பாருங்க. இப்ப பஸ்ஸுல ஆள் நிக்கறதே தெரியாத மாதிரி நிக்கறாருங்க. காரணம்பேட்டையில ஏறுன அம்மா பல்லடம் வரைக்கும் டிக்கெட் கேட்டுட்டே வந்துச்சு."

அப்படியென்றால் என்மேல்தான் வெறுப்பு என்று முடிவு கட்டினேன். ஒருநாள் நேராகவே கேட்டேன். "உங்க ரெண்டு பேரையும் பார்த்தாலே எனக்குச் சலிப்பா இருக்குது. போதுமா?" என்றார். மகளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவளைக் கூட்டிக்கொண்டு தாராபுரத்தில் அண்ணன் வீட்டில் எட்டு நாள் இருந்தேன். அவர் கூப்பிடவில்லை.

திரும்பி வந்தபோதுதான் கையைப் பார்த்தேன். விரல் கணுக்கள் வீங்கியிருந்தன. காலையில் எழுந்து ஒரு மணி நேரம் வரை சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. எத்தனை நாளாக என்று கேட்டேன். "நாலஞ்சு மாசம்" என்றார், பக்கத்து வீட்டுக்காரர் கையைப் பற்றிச் சொல்வது போல.

கோயம்புத்தூரில் மூட்டு நோய்க்குப் பார்க்கிற டாக்டர் ஃபர்சானாவிடம் போனோம். ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு முடக்குவாதம் என்றார். உடம்பைக் காக்கிற எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைப் பகையாக நினைத்துத் தாக்குகிறது, அதனால்தான் வீக்கம் என்றார். கையைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் குணம் ஏன் இப்படி ஆனது என்று கேட்டேன். பிரான்சிஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காய்ச்சல் வந்தா நீங்க என்னம்மா செய்வீங்க?" என்றார் டாக்டர்.

"போர்த்திட்டுப் படுத்துக்குவேனுங்க."

"யாராவது பேச வந்தா?"

"எரிச்சலா இருக்கும்."

"அதேதான். கிருமி வந்தா உடம்பு சில பொருட்களை ரத்தத்துல விடும். அது மூளைக்கும் சேதி சொல்லும், ஒதுங்கிப் படு, யாரோடயும் சேராதேன்னு. ரெண்டு நாள்ல காய்ச்சல் போனா மனசும் தெளிஞ்சிரும். இவருக்குக் கிருமி இல்லை, ஆனா அந்தச் சேதி மாசக்கணக்கா போயிட்டே இருக்கு. எல்லாருக்கும் இப்படி ஆகும்னு சொல்ல மாட்டேன். மனசு சோர்ந்துபோக வேற காரணமும் இருக்கலாம். இவர் விஷயத்துல வீக்கத்துக்கு அதுல பெரிய பங்குன்னு எனக்குத் தோணுது."

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் அழுதேன். என்மேல் வெறுப்பு இல்லை என்பதற்காக அழுதேன். பழைய பிரான்சிஸ் எனக்குத் திரும்பக் கிடைக்க வேண்டும், அதைத் தவிர நான் வேறெதுவும் கேட்கவில்லை.

மருந்து கொடுத்தார்கள். வாரத்துக்கு ஒருநாள் ஒரு மாத்திரை, தினமும் காலையில் ஒரு ஸ்டீராய்டு மாத்திரை. இந்த ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, குறைப்பதாக இருந்தால் நான்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பேன் என்று டாக்டர் சொன்னார். நான் அதைக் காதால் கேட்டேன். கேட்கவில்லை என்று இன்றைக்குச் சொல்ல முடியாது.

மாதங்கள் போனபோது அளவைக் கூட்டினார்கள், குறைத்தார்கள். வீக்கம் வடியும், மறுபடி வரும். நான் சபையில் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் உட்கார்ந்தேன். சபையார் எல்லாரும் அவர் பேரைச் சொல்லி ஜெபித்தார்கள். போன வருஷம் செப்டம்பரில் ஒரு காலையில் அவர் தானே சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வந்து, "ஏங்கண்ணு, கண்டக்டருக்கு ஒரு டீ கெடைக்குமா, இல்ல ஸ்டாப்பிங் இல்லைன்னு சொல்லிப்போடுவியா?" என்றார். செல்வி அடுப்படியிலேயே நின்று அழுதாள்.

எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனையில் சாட்சி நேரம் உண்டு. கடவுள் செய்த நன்மையை எழுந்து நின்று எல்லார் முன்னாலும் சொல்வது. அந்த ஞாயிறு நான் ஆண்கள் பக்கம் பார்த்து, எழுந்திருங்க என்று கையைக் காட்டினேன். அவர் தயங்கினார். மறுபடியும் காட்டினேன். எழுந்தார்.

"ஆண்டவர் என்னைய ரெண்டு வருசமா பஸ்ஸுல ஏத்தாம ரோட்டோரத்துல நிக்க வெச்சிருந்தாருங்க. இப்ப வாடான்னு கூப்பிட்டு சீட்டும் குடுத்துட்டாரு. எனக்குக் குணமாயிருச்சுங்க" என்று இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். ஜனங்கள் சிரித்துக்கொண்டே ஸ்தோத்திரம் சொன்னார்கள்.

மறுநாள் காலை மாத்திரையும் தண்ணீரும் கொண்டுபோனேன். அவர் வாங்கவில்லை.

"நேத்து சபை முன்னால குணமாயிருச்சுன்னு சொல்லிப்போட்டு, இன்னைக்கு இதைத் தின்னா சொன்னது பொய்யாயிராதா அம்மணி?"

எனக்கும் அப்படித்தான் பட்டது. மாத்திரையைக் கொடுத்தால் அது நம்பிக்கைக் குறைவாகிவிடுமோ என்று பயந்தேன். டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. ஆனாலும் மாத்திரையைத் திரும்ப டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்தேன். நிறுத்து என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. போதகரிடம் கேட்கவும் இல்லை. கேட்பதே சந்தேகம் என்று நினைத்தோம்.

முதல் சில நாள் வெறும் அசதி என்றார். இரண்டாவது வாரத்தில் பேச்சு நின்றது. கை வீங்கியது அதற்குப் பிறகுதான். நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றி ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. சபைக்குப் போகும்போது வீங்கிய கையை முழுக்கைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டார். கை கொடுக்க வருகிறவர்களைக் கும்பிட்டே சமாளித்தார். இரவு முழுக்க விழித்துக் கிடந்து, "என் விசுவாசந்தான் பத்தலையாட்டம் இருக்குது" என்று ஒரே ஒருமுறை சொன்னார். மாத்திரையை எடுத்துக் கொடுக்க அப்போதும் நேரம் இருந்தது. இன்னும் ஒரு வெள்ளிக்கிழமை பார்க்கலாம் என்றேன் நான்.

நவம்பர் மழையில் சளிக் காய்ச்சல் பிடித்தது. வாந்தி எடுத்தார். மூன்றாம் நாள் காலை படுக்கையிலிருந்து எழுந்தவர் அப்படியே சரிந்தார். ஸ்ரீனிவாஸ் கார் பிடித்து வந்தார். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் ரத்த அழுத்தம் அறவே இறங்கியிருந்தது என்றார்கள். எத்தனை நாளாக ஸ்டீராய்டு எடுத்தார், எப்போது நிறுத்தினார் என்று கேட்டார்கள். மாதக்கணக்கில் அந்த மருந்து வெளியிலிருந்து கிடைத்ததால் அவர் உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதைச் சுரக்க மறந்திருந்தது. திடீரென்று நிறுத்தியதும் காய்ச்சலைத் தாங்க உடம்பில் ஒன்றுமில்லை. நுரையீரலில் சளி கட்டியிருந்தது.

நிறுத்திய மருந்தையே ஊசியில் ஏற்றினார்கள். மறுநாள் மதியம் அவர் கண்ணைத் திறந்து நர்சைப் பார்த்து, "சிஸ்டர், இந்தப் பாட்டில் எறங்கறதுக்குள்ள நான் பல்லடம் போயிட்டு வந்திருவேனுங்க" என்றார்.

ஒன்றரை நாள் அப்படி இருந்தார். செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் வகுப்பு டீச்சர்கள் பேரையெல்லாம் கேட்டார். போதகர் வந்தார். விஷயம் தெரிந்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதாம்மா? எனக்கே சர்க்கரைக்கு ரெண்டு வேளை மாத்திரைங்க" என்றார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனசில்லை.

அன்று சாயங்காலம் பிரான்சிஸும் நானும் மட்டும் இருந்தோம். டாக்டர் ஃபர்சானா முன்பு சொன்னதை மறுபடி சொன்னேன். "நீங்க எங்களைப் பேசுனதெல்லாம் நீங்க இல்லீங்க. அந்த நோவுதான். நான் மனசுல வெச்சுக்கலைங்க."

"எல்லாத்தையும் நோவு மேலயே போட்டுப்போடாத அம்மணி. கொஞ்சம் நானுந்தான்" என்றார்.

எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது. விடியற்காலையில் மூச்சு திணறத் தொடங்கியது. நுரையீரல் தொற்று ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். அடுத்த நாள் மதியம் போய்விட்டார்.

அடக்கம் முடிந்து ஆறு வாரம் கழித்து, ஞாயிறு சாட்சி நேரத்தில் நான் எழுந்தேன். "பிரான்சிஸுக்குக் குணமாயிருந்தது நெசந்தானுங்க. நீங்க ஜெபிச்சதும் நெசம், மாத்திரை வேலை செஞ்சதும் நெசம். நான் அவரை எந்திரிச்சுச் சொல்ல வெச்சேன். அப்புறம் மாத்திரையை நிறுத்திப்போட்டோமுங்க. அதனாலதான் செத்தாரு" என்றேன். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. என் பக்கத்தில் இருந்த அம்மா என் முந்தானையைப் பிடித்து உட்கார வைத்தார். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சாப்பிட்டுக்கொண்டே ஜெபம் பண்ணுங்கள் என்று போதகர் மெதுவாகச் சொன்னார். பிறகு பாட்டு தொடங்கியது. செல்வி பாடினாள். நான் பாட்டுப் புத்தகத்தை அவளுக்குப் பிடித்துக்கொண்டேன்.