மகாராஜபுரத்து மண்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பேருந்தில் என் பக்கத்தில் இருந்தவர் மண் பரிசோதனைக்காரர். மடியில் ஊர்ப்பெயர் எழுதிய மண் பொட்டலங்கள். கண்ணை மூடி ஒவ்வொன்றாக முகர்ந்தபடி வந்தார்.

“காலைப் பிடிச்சிக்கிட்டே வாரீயளே?” என்று என்னைக் கேட்டார்.

“புதுசா வந்த கொழுப்பு மாத்திரை சார். தின்னா காலு வலிக்கி, நிறுத்தினா நெஞ்சுக்கு ஆபத்துங்காரு டாக்டர்.”

“எந்த ஊரு அரிசி திங்கீய?”

“மகாராஜபுரம். சொந்த வயல்.”

அந்த ஊர்ப் பொட்டலத்தைத் தேடி எடுத்தார்.

“செலினியம்னு ஒரு சத்து மண்ணுலருந்துதான் அரிசிக்கு வரணும். உங்க ஊரு மண்ணுல அது கம்மி. அது குறைஞ்சவுகளுக்கு இந்த மாத்திரை சதையைப் பிடிக்குமோன்னு எனக்கொரு சந்தேகம். நிறுத்திராதீய, டாக்டர்ட்ட கேளுங்க.”

“கேட்டா சிரிப்பாரு.”

“சிரிக்கட்டும். வயலு உங்களுக்குள்ளதான கெடக்கு” என்று பொட்டலத்தை மெல்ல நசுக்கினார்.

என் கெண்டைக்கால் சுண்டி இழுத்தது. அவர் விரலை எடுத்ததும் நின்றது.

அதற்குப் பிறகு, எங்கள் வயலில் ஏர் இறங்கும் நாளில் நான் ஊரில் இருப்பதில்லை.