பாதியில் நின்ற கூரை

லண்டன் மழையில் கூரை திறக்கும் கார் வைத்திருப்பவனுக்கு மூளை கழன்றுவிட்டது என்று செவன் கிங்ஸில் எங்கள் ஆட்கள் சிரித்தார்கள். வாங்கியது நான் அல்ல, என் மனைவி. எண்ணெயின் அழுத்தம்தான் அந்தக் கிழட்டுக் காரின் கூரையை மடக்கி டிக்கிக்குள் வைக்கும். சீல் தேய்ந்தால் எண்ணெய் ஒழுகும், கூரை நடுவழியில் நின்று முரண்டு பிடிக்கும். அதைக் கட்டி மேய்க்கும் வேலை மட்டும் என்னுடையது. திட்டாத நாள் இல்லை.

அவளுக்குப் புற்றுநோய் வந்தபின் திட்டுவதை விட்டேன். கீமோ முடிந்து வரும்போது மூடிய காரின் வாடையே அவளுக்குக் குமட்டும். எவ்வளவு குளிர் என்றாலும் கூரை திறந்தாக வேண்டும். ஞாயிறுகளில் டிக்கி விரிப்பைக் கிளப்பி, பம்ப் தொட்டியில் எண்ணெய் மட்டம் பார்ப்பேன். கூரையைத் தூக்கும் பின்பக்கச் சிலிண்டர்கள் ஒழுகத் தொடங்கியபோது நானே கழற்றிப் புதுச் சீல் போட்டேன். அழுத்தம் பழையபடி ஏறியது. முன்கண்ணாடிக்கு மேலே கூரையைப் பூட்டும் சின்னச் சிலிண்டரின் பழைய சீல் அதைத் தாங்குமா என்று யோசிக்கவே இல்லை.

இனி மருந்தால் பயனில்லை என்று டாக்டர் சொன்ன அன்று, ஆஸ்பத்திரிக் கார் பார்க்கில் அவள் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கூரையைத் திறக்கச் சொன்னாள். பொத்தானை அழுத்தினேன். பூட்டு விட்டது. மேலிருந்து எண்ணெய் அவளுடைய மொட்டைத் தலையில் சொட்டியது. கூரை பாதியில் நின்றது.

ஆத்திரத்தில் ஸ்டியரிங்கைக் குத்தினேன். பிறகு துடைக்கத் துணியை எடுத்தேன். அவள் என் கையைப் பிடித்தாள்.

"என்னப்பா, இப்பவே எண்ணெய் வைக்கத் தொடங்கிட்டியளோ?"

செத்தவீட்டில் உடலைக் குளிப்பாட்டுமுன் உறவுகள் வரிசையாக வந்து தலையில் வைக்கும் எண்ணெயைச் சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். விசர்க்கதை கதைக்க வேண்டாம் என்று கத்தினேன். அவள் கையை விடவில்லை.

"துடைக்காதேங்கோ. அண்டைக்கு வைக்க உங்களாலை ஏலாது. இப்பவே வைச்சு விடுங்கோ."

விரலால் அந்த எண்ணெயை அவளுடைய உச்சியில் தடவினேன். தலை சூடாக இருந்தது. தூறல் எங்கள் இருவர் மேலும் விழுந்துகொண்டிருந்தது.

அவள் சொன்னதுதான் நடந்தது. அவளுடைய உடலை வைத்திருந்த மலர்ச்சாலையில் எல்லாரும் எண்ணெய் வைத்து முடித்தபின் என்னைக் கூப்பிட்டார்கள். கிண்ணத்தில் விரலைத் தோய்த்தேன். கையைத் தூக்க முடியவில்லை. அவளுடைய அண்ணன் என்னைக் கூட்டிப்போய்க் கதிரையில் இருத்தினார்.