மை மீசை

ப்ளஸ் ஒன் படிக்கும்போது எனக்கு மீசை அரும்பவேயில்லை. டியூஷனில் எல்லோரும் குற்றாலம் போன அன்று, அக்காவின் கண்மையை எடுத்து ஒரு மீசை வரைந்துகொண்டேன். குளிக்கப் போகிறோம் என்பது மட்டும் மண்டையில் உறைக்கவில்லை.

ஐந்தருவியை விட்டு வெளியே வந்தபோது மை தாடைவரை வழிந்திருந்தது. எதிரே டியூஷன் பெண்கள்.

"ஏம்ல, மூஞ்சில என்ன கருப்பா வழியுது?" என்றாள் ஒருத்தி.

எங்களில் நிஜ மீசைக்காரன் இசக்கி ஒருவன்தான். அவன் என் கன்னத்து மையை வழித்துத் தன் கன்னத்தில் இழுவிக்கொண்டான்.

"நாந்தான் வரைஞ்சு விட்டேன். என் மீசையும் பாதி மைதான்."

பள்ளி முடியும்வரை 'மை மீசை' என்ற பட்டப்பெயர் அவனுக்குத்தான் இருந்தது. ஒருநாளும் அவன் மறுக்கவில்லை.

இன்று எனக்கு அடர்ந்த மீசை. இசக்கி முன்னால் மட்டும் அதை முறுக்குவதில்லை.